பட்டுவாடா தேதி

மயிலாப்பூர்
9.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று காலை ஆறு நாற்பதுக்கு இந்த வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இனி நான் உட்கார்ந்துதான் குளிப்பேன். மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு எட்டப்பட்ட முடிவு. ஸ்டூலின் நிறத்தில் மட்டும் எதிர்வீட்டு டயானாவுக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. அவள் சிவப்பு என்றாள், நான் நீலம் என்றேன். நீலம் வென்றது.

இங்கே என் இடது காது நலம். வலது காது விசாரணையில் இருக்கிறது. அங்கே உங்கள் முழங்காலும் சர்க்கரையும் எப்படி?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். போனை வலது காதில் வைத்தால் விசில் சத்தம்தான் கேட்கிறது. இடது காதில் வைத்தால் நீங்கள் பேசுவது கேட்கிறது, ஆனால் விசிலும் கூடவே கேட்கிறது. வாட்ஸப்பில் படிக்கலாம் என்றால் எழுத்து மேலே போகும்போது வீடும் மேலே போகிறது. காகிதம் ஒன்றுதான் வைத்த இடத்தில் இருக்கிறது.

நடந்தது இதுதான். போன வியாழக்கிழமை லஸ் சிக்னலில் 29சி நின்றுகொண்டிருந்தது. திடீரென்று வலது காது அடைத்தது. பஸ் இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. நான் கம்பியைப் பிடித்தேன், கம்பியும் சுற்றியது. இருபத்திரண்டு வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்று டிக்கெட் கொடுத்தவள், நிற்கிற பஸ்ஸில் விழுந்தேன்.

"இன்னாம்மா கண்டக்டரே, வண்டி நிக்குது, நீ மட்டும் போய்க்கினு கீற!" என்றார் முன்சீட்டுக்காரர்.

டிரைவர் சேரன் எழுந்து ஓடி வந்தான். "யக்கா, நான் பிரேக்கே போடலக்கா! சத்தியமா போடல!" பாவம், அவனுக்குத் தன் கவலை.

முக்கால் மணி நேரம் வாந்தி. டெப்போவில் மூன்று மாதம் லைட் டூட்டி கொடுத்துவிட்டார்கள். பயணிகள் விட்டுச்சென்ற பொருள்களுக்கு நான் காவல். செப்டம்பர் பத்தாம் தேதி மெடிக்கல் போர்டு. ஏறலாம் என்றால் வண்டி, கூடாது என்றால் வீடு. எனக்கு வண்டி வேண்டும் அண்ணா. இதை மட்டும் போனிலேயே கத்திச் சொல்லியிருக்கலாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை
மணிமொழி


நங்கநல்லூர்
12.6.2025

அன்புத் தங்கை மணிமொழிக்கு,

உன் 9ந் தேதிக் கடிதம் 11ந் தேதி பகல் 12.20க்கு என் கையில் சேர்ந்தது. நான் நலம். சர்க்கரை நூற்று நாற்பது. முழங்கால் படி ஏறும்போது மட்டும் ஆட்சேபம் தெரிவிக்கிறது.

நீ விழுந்தது வருத்தம். ஆனால் கடிதம் எழுதினாய் பார், அதில் எனக்கு வந்த பரபரப்பை எப்படிச் சொல்வேன்! முப்பத்தெட்டு வருடம் அஞ்சல் துறையில் இருந்து சப்-போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவனுக்கு, ஓய்வுக்குப் பிறகு வந்த முதல் சொந்தக் கடிதம் இது. மற்றவை எல்லாம் வங்கி. உறையை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது.

ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்வோம். இனி ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும், என் கடிதம் உனக்குப் பட்டுவாடா ஆன தேதியை நீ குறிக்க வேண்டும். மயிலாப்பூர் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அடுத்தது பெரிய செய்தி. நீ விழுவதற்கு முந்தின நாள், புதன்கிழமை, போனில் ஒரு யோசனை சொன்னேனே, மாடியில் ஒரு அறை கட்டி உன்னை இங்கேயே அழைத்துக்கொள்வது என்று? அது இனி யோசனை அல்ல, தீர்மானம். மேஸ்திரி கோபாலிடம் பேசிவிட்டேன். நீ விருப்ப ஓய்வு எழுதிக் கொடு. ஒண்டிக்கட்டையாக அந்தச் சந்தில் உனக்கு என்ன வேலை? நேற்றே கயிறு பிடித்து அளந்தாகிவிட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை, மகிழ்ச்சியில்.

உன் அண்ணி இருந்த பழக்கத்தில் காலையில் இரண்டு டம்ளர் காபி போட்டுவிடுகிறேன். இரண்டாவதைப் பதினோரு மணிக்குச் சுட வைத்துக் குடிக்கிறேன். வீண் இல்லை.

உடனே பதில் எழுது.

கருணாகரன்


மயிலாப்பூர்
17.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கள் 12ந் தேதிக் கடிதம் 14ந் தேதி மாலை மூன்று மணிக்குப் பட்டுவாடா ஆனது. தபால்காரர் இனாயத் கையில் கொடுத்தார். நான் டூட்டி முடிந்து வரும் நேரமும் அவர் வரும் நேரமும் ஒன்று. அவர் மேல் புகார் எதுவும் எழுதிவிடாதீர்கள்.

அன்று மாலை நாலரைக்கு இன்னொரு சுற்றல் வந்தது. இப்போது பரவாயில்லை. அங்கே உங்கள் சர்க்கரையை நூற்று முப்பதுக்குள் கொண்டுவரப் பாருங்கள்.

தி. நகரில் டாக்டர் அஃப்சருன்னிசாவைப் பார்த்தேன். அண்ணா, என்ன பரிசோதனை தெரியுமா! கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, பூச்சி கத்துவது போல ஒரு சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பிறகு படுக்க வைத்துக் காதுக்குள் வெந்நீர். தலை கிறுகிறுத்துக் கண் தானாக ஆடுகிறது. அந்த ஆட்டத்தை ஒரு கருவி எழுதிக்கொள்கிறது. திருவிழா ராட்டினத்தில் காசு கொடுத்து இதைத்தான் செய்கிறோம்.

டாக்டர் சொன்னார்: "இங்க பாருங்கம்மா, உள்காதுல தண்ணி நிறைஞ்ச ஒரு பை இருக்கு. கேக்கறதும் அது, நிக்க வைக்கறதும் அது. அதுல தண்ணி கூடிப்போச்சுன்னா ரெண்டும் கெடும். மனசுல அழுத்தம் வந்தா உடம்பு சில ஹார்மோன் விடும். அதுல சிலது உப்பையும் தண்ணியையும் உடம்புக்குள்ள பிடிச்சு வைக்கும். காதுக்கும் அதுல பங்கு இருக்குன்னு நினைக்கறோம். முழுசா யாருக்கும் தெரியாது."

"அப்போ கவலைப்பட்டதாலதான் வந்துச்சா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். காது ஏற்கெனவே கெட்டிருக்கு. கவலை வந்து தள்ளி விடுது. அப்புறம் தலை சுத்தினாலே கவலை. அந்தக் கவலைக்கு மறுபடி சுத்தும்."

29சி மாதிரிதான். அந்தக் கோடிக்குப் போனது இந்தக் கோடிக்குத் திரும்பி வரும். முதல் டிரிப் எங்கிருந்து கிளம்பியது என்று டெப்போவுக்குத்தான் தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு போடச் சொல்லியிருக்கிறார். சுற்றல் வந்த தேதி, அன்று தின்ற உப்பு, தூக்கம், அன்று நடந்த விசேஷம். நாற்பத்தெட்டு வயதில் பெண் உடம்பில் இன்னொரு ஹார்மோன் ஏறி இறங்குகிறதாம். அதன் பெயரை அண்ணனுக்கு எழுத முடியாது. வயது விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு குறைக்க வேண்டும். மாவடு ஜாடியை டயானாவிடம் ஒப்படைத்தேன். தினமும் அதன் உடல்நிலையை அவள் எனக்குத் தெரிவிக்கிறாள்.

மாடி பற்றி எழுதியிருந்தீர்கள். மழைக்கு முன் சிமென்ட் காய வேண்டும்.

தங்கை
மணிமொழி


நங்கநல்லூர்
23.6.2025

அன்புத் தங்கைக்கு,

கடிதம் 19ந் தேதி கிடைத்தது. மூன்று மணிக்குப் பட்டுவாடாவா! என் காலத்தில் மூன்று மணிக்குத் தபால்காரர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். புகார் எழுதி வைத்தேன், உனக்காக அனுப்பவில்லை.

நீ எழுதாமல் விட்ட பெயர் ஈஸ்ட்ரோஜன். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். நூலகர் அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு முத்திரை குத்தினார். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று புத்தகம் சொல்கிறது. நூலகர் வேறு புத்தகம் படித்திருப்பார் போலிருக்கிறது.

இப்போது அறை! தலைசுற்றலே வர முடியாத ஒரு அறையைத் திட்டமிட்டிருக்கிறேன். தமிழ்நாட்டிலேயே இது முதலாக இருக்கும். சீலிங் ஃபேன் கிடையாது, அது சுற்றும். டேபிள் ஃபேன், அது தலையைத்தான் ஆட்டும். தரையில் கட்டம் போட்ட டைல்ஸ் கிடையாது, ஒரே நிறம். திரைச்சீலையில் கோடு கிடையாது. சுவர் நெடுகக் கைப்பிடி. கதவுக்குப் பச்சையா மரநிறமா என்று மட்டும் நீ சொல்ல வேண்டும். கோபால் மேஸ்திரி கேட்டார், "சார், இது வூடா, ஆஸ்பத்திரியா?" நான், "என் தங்கச்சி ரூம்" என்றேன்.

விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை உனக்குச் சிரமம் வேண்டாமென்று நானே எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். கீழே கையெழுத்து மட்டும் போடு. அப்பா போனபோது உனக்கு ஒன்பது வயது. உன் பள்ளிக்கூட விண்ணப்பத்திலிருந்து எல்லாவற்றையும் நான்தான் எழுதியிருக்கிறேன். இதுவும் ஆகட்டும்.

பழங்கள் சாப்பிடு.

கருணாகரன்


மயிலாப்பூர்
2.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கள் கடிதம் 25ந் தேதி பட்டுவாடா ஆனது. அன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு சுற்றல், ஒன்றரை மணி நேரம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

என் புதிய ராஜ்ஜியத்தைச் சொல்கிறேன். குடை நாற்பத்தொன்று. டிபன் பாக்ஸ் பதினாறு. திறப்பது என் பொறுப்பு, மூடுவதும் என் பொறுப்பு. குக்கர் ஒன்று, வெயிட் இல்லாமல். பல்செட் ஒன்று. பல்லைக் கழற்றி பஸ்ஸில் வைத்துவிட்டு இறங்கியவர் இதுவரை தேடி வரவில்லை. அடையாளம் சொல்ல அவரால் முடியாமலிருக்கலாம்.

டாக்டர் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார். நேராக நடந்துகொண்டே தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். குளக்கரையைச் சுற்றி மாலையில் நடக்கிறேன். முதல் நாள் பூக்காரி பாஞ்சாலி, "யாரைம்மா தேடிக்கினு போற?" என்றாள். இரண்டாம் நாள், "இன்னும் கெடைக்கலியா?" என்றாள். மூன்றாம் நாள் அவளே எனக்காக இரண்டு பக்கமும் பார்த்து, "இங்க வர்ல, நீ போ" என்று சொல்லிவிட்டாள்.

சேரன் டிரிப் முடிந்து என் ரூமுக்கு வந்தான்.

"யக்கா, நீ நங்கநல்லூருக்குப் போயிடுவியாமே?"

"யார்றா சொன்னது?"

"டயானாக்கா. புது கண்டக்டர் ஒர்த்தன் போட்டுகீறாங்க. விசில் அடிக்கச் சொன்னா மூச்சு வாங்கறான். நீ எப்போக்கா வருவ?"

"செப்டம்பர் பத்து ஆவட்டும்."

"போர்டு வுட்டுச்சுன்னா வந்துடுவ இல்ல?"

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

கதவு பச்சையோ மரநிறமோ, உங்கள் இஷ்டம். விண்ணப்பத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தங்கை
மணிமொழி


நங்கநல்லூர்
21.7.2025

அன்புத் தங்கைக்கு,

கடிதம் 4ந் தேதியே கிடைத்தது. பதில் எழுத நேரமில்லை. மேஸ்திரி, சித்தாள், மணல் என்று வீடு திமிலோகப்படுகிறது. நான் பத்து வயது குறைந்துவிட்டேன். சர்க்கரை நூற்று இருபத்தெட்டு!

அறை எழும்பிவிட்டது. கதவு பச்சை. ஜன்னலைத் திறந்தால் ஆஞ்சநேயர் கோயில் பக்கத்துக் காற்று வரும். சனிக்கிழமைகளில் வடை வாசனையும் வரும், அதில் உப்பு இருப்பதால் முகர்வதோடு நிறுத்திக்கொள்.

பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பக்கவாட்டில் இடம் நாலு அடிதான். நேர்ப்படி வைத்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் போய் முடியும். இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் கோபால் மேஸ்திரிதான் வழி கண்டுபிடித்தார். இரும்பில் சுழல் படி! பதினேழு படிகள், முழுதாக ஒன்றரைச் சுற்று. நடுவில் கம்பம், பார்க்க அவ்வளவு லட்சணம். நான் ஐந்து முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன். தெருவே வந்து பார்க்கிறது.

செப்டம்பர் பத்தாம் தேதிக்காகக் காத்திருக்காதே. போர்டு என்ன சொன்னால் நமக்கென்ன? ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சிவிடலாம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாயா?

கருணாகரன்


மயிலாப்பூர்
27.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கள் 21ந் தேதிக் கடிதம் 23ந் தேதி பட்டுவாடா ஆனது. அன்று மாலை ஒரு சுற்றல், இரண்டு மணி நேரம்.

ஆனால் அதற்கு முன்னே நாலு வாரம் எப்படி இருந்தது தெரியுமா! ஜூலை ஒன்பதாம் தேதி மட்டும் ஒரு சின்னது, பத்து நிமிடம். அது வயது விஷயம். மற்றபடி தெளிவான தரை! கண்ணாடி அறையில் முன்பு கேட்காத இரண்டு பூச்சிகள் கேட்டன. குளக்கரையில் தலையைத் திருப்பிக்கொண்டே ஒரு ஆட்டோவைத் தாண்டினேன். ஆட்டோ நின்றுகொண்டிருந்தது, இருந்தாலும்.

டாக்டர் நோட்டைப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு, இருபத்திமூணு, ரெண்டு நாளும் உப்பும் சரியா இருக்கு, தூக்கமும் சரியா இருக்கு. அன்னிக்கு என்ன நடந்துச்சு? வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

யாரும் வரவில்லை என்றேன். இனாயத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சுழல் படியை மனதாலேயே ஏறிப் பார்த்தேன். எட்டாவது படி வரை போனேன். தலைசுற்றல் உள்ளவளுக்கு அதற்கு மேல் மனதாலும் முடியவில்லை. நடுவில் இருக்கும் கம்பம் லட்சணமாகத்தான் இருக்க வேண்டும்.

நூற்று இருபத்தெட்டு நல்ல செய்தி. அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை
மணிமொழி


நங்கநல்லூர்
4.8.2025

அன்புத் தங்கைக்கு,

29ந் தேதி உன் கடிதத்தைப் படித்தேன். அந்த வரிக்கு வந்ததும் வாசலுக்கு ஓடி மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் சுழல் படியைப் பார்த்தார், நானும் பார்த்தேன். "சார், தல சுத்தறவங்களுக்குன்னு ஒரு வார்த்த நீங்க சொல்லலியே!" என்றார். சொல்லியிருந்தேன். சீலிங் ஃபேனுக்காகச் சொல்லியிருந்தேன். படி விஷயத்தில் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கழற்றியாகிவிட்டது! முன்பக்கம் சன்ஷேடை இடித்து நேர்ப்படி வைத்தாகிவிட்டது. அகலமான படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. எல்லாம் ஆறே நாளில். இந்த வயதில் எனக்குள் இவ்வளவு வேகம் இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

இதைவிடப் பரபரப்பான செய்தி அடுத்தது. உன் நோய்க்கு மூல காரணத்தை நான் நிரூபிக்கப் போகிறேன். பஸ்தான் காரணம்! கூட்டம், புகை, சில்லறைத் தகராறு, படியில் தொங்குகிறவர்களோடு சண்டை. இருபத்திரண்டு வருட அழுத்தம் ஹார்மோனாக ஊறிக் காதில் இறங்கியிருக்கிறது. உன் கடிதங்கள் அத்தனையும் கோப்பில் இருக்கின்றன. சுற்றல் வந்த தேதி ஒவ்வொன்றையும் எடுத்து, முழுத்தாளில் கட்டம் போட்டு, பட்டியலாக்கப் போகிறேன். ஒரு பிரதி டாக்டருக்கு, ஒரு பிரதி மெடிக்கல் போர்டுக்கு. பார்த்த மாத்திரத்தில், இனி இந்த அம்மாள் பஸ் ஏறவே கூடாது என்று எழுதிவிடுவார்கள். நீ வாய் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது.

தைரியமாக இரு.

கருணாகரன்


மயிலாப்பூர்
9.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கள் கடிதம் 6ந் தேதி பட்டுவாடா ஆனது. அன்று மாலை வந்ததுதான் இதுவரை வந்ததில் பெரியது. நாலு மணி நேரம். டயானா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது எழுத முடிகிறது, அதனால் கவலைப்பட வேண்டாம்.

பட்டியல் வேண்டாம் அண்ணா. உங்களுக்குக் கண் வலிக்கும். டாக்டரிடம் நோட்டு இருக்கிறது, அது போதும். போர்டுக்கு எதுவும் அனுப்பாதீர்கள்.

என் கடிதங்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? நோட்டில் இரண்டு தேதி விட்டுப்போயிருக்கிறது, பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

நேர்ப்படிக்கு மிக்க நன்றி. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை
மணிமொழி


மயிலாப்பூர்
1.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

என் 9ந் தேதிக் கடிதத்துக்குப் பதில் இல்லை. இனாயத்தை மூன்று முறை கேட்டேன். "உங்க அண்ணன் மறந்துட்டாரும்மா" என்கிறார். நீங்கள் மறக்கிறவர் அல்ல. முழங்காலா? சர்க்கரையா? டயானாவை விட்டு உங்களுக்குப் போன் செய்யச் சொன்னேன். "சாரு நல்லாதான் கீறாரு. பேசினாரு, வெச்சிட்டாரு" என்றாள். என்ன பேசினீர்கள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே ஆகஸ்ட் ஆறாம் தேதிக்குப் பிறகு ஒரு சுற்றல்கூட இல்லை. இருபத்தாறு நாள். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "என்னம்மா பண்ணீங்க?" என்று சிரிக்கிறார். நான் ஒன்றும் பண்ணவில்லை. மாத்திரை அதே மாத்திரை, உப்பு அதே உப்பு.

குளக்கரையில் இப்போது தலையைத் திருப்பிக்கொண்டே நாலு சுற்று போகிறேன். பாஞ்சாலி என்னைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் நோட்டில் ஒவ்வொரு நாளும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதும்போது, உங்களிடமிருந்தும் ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வருகிறது.

இரண்டு வரி போடுங்கள்.

தங்கை
மணிமொழி


மயிலாப்பூர்
17.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போர்டு விட்டுவிட்டது!

மூன்று டாக்டர்கள். ஒருவர் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றேன். அவர் தேநீர் குடித்து முடிக்கும் வரை நின்றேன். வலது காதில் பாதி போனது போனதுதான், அது திரும்பி வராது என்றார்கள். இடது காது இரண்டுக்கும் சேர்த்து உழைக்குமாம். ஆறு மாதம் வண்டி ஏறலாம், பிறகு மறுபடி பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உங்கள் பட்டியலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நேற்றுக் காலை முதல் டிரிப். சேரன் வண்டிக்கு மாலை போட்டு வைத்திருந்தான். "யக்கா, மாலை உனக்கில்ல, வண்டிக்கு. நீ வந்துட்டன்னு அதுக்கு நான்தான் சொன்னேன்" என்றான். லஸ்ஸில் கூட்டம் அலைமோதி ஏறியது.

"இன்னா கண்டக்டரம்மா, எங்க போய்ட்ட? துபாயா?"

"குடை காவல்! உன் குடையும் அங்கதான் கீது, வந்து வாங்கிக்கோ. படியில நிக்காத நைனா, உள்ள போ, உள்ள போ!"

அடையாறு பாலத்தில் வண்டி வளைந்தபோது நான் கம்பியைப் பிடிக்கவில்லை. வேண்டுமென்றேதான் பிடிக்கவில்லை. ஆறு சுற்றவில்லை, பாலம் சுற்றவில்லை, ஒரு கையில் டிக்கெட் மெஷின், ஒரு கையில் சில்லறை. திரு.வி.க. பாலம் என்று சத்தம் போட்டுச் சொன்னேன், அது ஸ்டாப்பே இல்லை.

எனக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. ஒரு திங்கட்கிழமை நங்கநல்லூருக்கு வந்து அறையைப் பார்க்கட்டுமா? சமைத்துக் கொடுத்துவிட்டு மாலை திரும்பிவிடுகிறேன். உப்பை உங்கள் அளவுக்கே போடுகிறேன்.

ஏன் எழுதுவதில்லை?

தங்கை
மணிமொழி


நங்கநல்லூர்
20.9.2025

அன்புத் தங்கை மணிமொழிக்கு,

உன் 17ந் தேதிக் கடிதம் 19ந் தேதி கிடைத்தது. உன் 1ந் தேதிக் கடிதமும் கிடைத்தது. போர்டு விட்டது அறிந்து அளவில்லாத மகிழ்ச்சி. தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். எல்லோரும் 29சி எந்த வழியாகப் போகும் என்று கேட்கிறார்கள்.

இந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை நாலு மணிக்கு முன் பெட்டியில் போடுகிறேன். ஞாயிறு பட்டுவாடா இல்லை. ஆகவே திங்கட்கிழமை உன் கைக்கு வரும். அன்று நீ வண்டியில் இருக்க மாட்டாய். உட்கார்ந்துகொண்டு பிரித்துப் படி.

நீ வேண்டாம் என்று எழுதியது வருவதற்கு முன்பே பட்டியலைப் போட ஆரம்பித்துவிட்டேன். முழுத்தாளில் ஐந்து கட்டம். முதல் கட்டம் சுற்றல் வந்த தேதி. இரண்டாவது, பஸ்ஸில் இருந்தாயா. முதல் வரிக்கு மட்டும் ஆம், மற்றதற்கெல்லாம் இல்லை. மூன்றாவது உப்பு. நான்காவது தூக்கம். ஐந்தாவதற்கு விஷயம் எதுவும் இல்லை, தாளில் இடம் இருந்தது. அஞ்சல் துறைப் பழக்கத்தில் பட்டுவாடா தேதியைப் போட்டேன். முதல் வரிக்குக் கடிதம் இல்லை, அதனால் முந்தின நாள் பேசிய போனைப் போட்டேன்.

ஜூலை 9 தவிர மற்ற வரிகளில் முதல் கட்டமும் ஐந்தாவது கட்டமும் நேராக இருந்தன.

தாள் மூன்று நாள் மேஜை மேலேயே இருந்தது. பிறகு ஆகஸ்ட் 14ந் தேதி உன் டெப்போவுக்கு வந்தேன். நீ உள்ளே பொருள் அறையில் இருந்தாய், நான் உள்ளே வரவில்லை. டீக்கடையில் உன் டிரைவர் நின்றுகொண்டிருந்தான்.

"நீங்கதான் அந்த நங்கநல்லூரு அண்ணனா சார்? ஜாடை அப்படியே கீது."

"என்னைப் பத்தி உன்கிட்ட ஏதாவது சொல்லுவாளா?"

"ஒண்ணும் சொல்லாது சார். எல்லார் பத்தியும் பேசும், சிரிப்புக் காட்டும். உங்க பேச்சு வந்தா மட்டும் ஒண்ணும் சொல்லாது."

"எங்கூட வந்து இருக்க அவளுக்கு இஷ்டமா?"

"அத அக்காவையே கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டி எடுக்கப் போய்விட்டான்.

கேட்பதற்கு எழுத வேண்டும். எழுதினால் இரண்டாம் நாள் பட்டுவாடா. அதனால் எழுதவில்லை. பட்டியல் யாருக்கும் அனுப்பப்படவில்லை. உன் கடிதங்களை நீ கேட்டபடி தனிப் பார்சலில் அனுப்புகிறேன். விண்ணப்பத்தை நீ கிழித்துவிடலாம். எழுத்துப் பிழை ஒன்றும் அதில் இருந்தது.

திங்கட்கிழமை வருவதாக எழுதியிருக்கிறாய். வா. எந்தத் திங்கள் என்பதை உன் வசதிப்படி வைத்துக்கொள். எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை. வந்து நின்றால் போதும். என் சர்க்கரை நூற்று அறுபது, பயப்பட ஒன்றுமில்லை.

மாடிக்கு 28ந் தேதி மெஹபூப் அலி என்பவரும் அவர் மனைவியும் குடி வருகிறார்கள். பல்லாவரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். தனி மீட்டருக்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினைந்து நாளில் வந்து மாட்டுவார்களாம்.

கருணாகரன்